இந்து என்று பேர் வைத்த செம்பருத்தி

அத்தியாயம் 9

விடிந்தும் விடியாததுமாக ரோஸ் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு தோட்டத்தில் இறங்கினாள். அவள் நிம்மதியாகத் தூங்கி நாலைந்து நாளாகிறது.

எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில், மாமனார் ஜெயசிங் சொன்ன ஒரு வார்த்தையால் வந்தது.

"புதுச் செம்பருத்திக்கு இந்துன்னு பேர் வச்சிரலாம்னு பாக்கேன். இந்துன்னா நிலான்னு அர்த்தம். பூவும் நிலா கணக்காத்தான இருக்கு!"

மேஜையின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த சின்ன மருமகள் இந்துமதியின் முகம் சிவந்து போயிற்று. ரோஸின் கணவன் டிக்சன்தான் மெல்ல இழுத்தான்.

"செடிய வளத்தது ரோஸ்லாப்பா? அவ பேர வைக்கலாமே."

ஜெயசிங் வாய்விட்டுச் சிரித்தார். "ஏலே, செம்பருத்திக்கு ரோஸ்னு பேர் வச்சா கேக்கவன் சிரிப்பாம்லா!"

எல்லோரும் சிரித்தார்கள். ரோஸும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து போய், அடுப்படிக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் நின்று அழுதாள்.

விண்டான் பங்களா என்றால் தூத்துக்குடியில் ஆட்டோக்காரர்கள் வழி கேட்க மாட்டார்கள். பஞ்சு வியாபாரத்துக்கு வந்த வின்டன் என்ற வெள்ளைக்காரர் கட்டிய வீடு அது. ஊர் வாயில் புகுந்து விண்டானாகிவிட்டது. மாடி வராந்தாவில் நின்றால் ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் துறைமுகத்துக் கிரேன்கள். நடுவே, உப்புக்காற்றில் புல்கூட முளைக்காது என்று சொல்லப்பட்ட பூமியில், ஏக்கர் கணக்கில் தோட்டம். கப்பல்காரர்களிடம் சொல்லி வைத்து நாடு நாடாகக் கன்றும் விதையும் வரவழைத்தார் அந்தத் துரை. அவருக்குப் பிறகு, முத்துச்சிப்பி ஏலத்தில் பணம் பார்த்த ஜெயசிங்கின் தாத்தா, வீட்டையும் தோட்டத்தையும் சேர்த்தே வாங்கினார்.

அந்தத் தோட்டத்துக்காகத்தான் ரோஸ் இந்த வீட்டுக்கு வந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை. சாத்தான்குளத்தில் வாத்தியார் மகள். மகனுக்குப் பெண் பார்க்க வந்த ஜெயசிங், வாசலில் பூத்துக் கிடந்ததையெல்லாம் பார்த்துவிட்டு, "இதெல்லாம் யாரு வச்சது?" என்றுதான் முதல் கேள்வி கேட்டார். காபி வருவதற்குள் சம்பந்தம் முடிவாகிவிட்டது. மாமியார் அப்போதே உயிரோடு இல்லை. வந்த நாள் முதல் மாமனாரும் மருமகளும் காலையில் ஒன்றாகத் தோட்டத்தில் இறங்குவார்கள். வெயில் ஏறிய பிறகுதான் வீடு திரும்புவார்கள்.

"எங்கப்பா எனக்குப் பொண்ணு பாக்கல. தோட்டத்துக்குப் பாத்தாவ" என்று டிக்சன் கேலி செய்வான். அந்தக் கேலி ரோஸுக்கு நகை போட்டுக்கொண்டது போல இருக்கும்.

அந்தக் காலை நடை ஆறு மாதத்துக்கு முன்னால் நின்று போனது. கப்பலில் இன்ஜினியராக இருக்கும் சின்னவன் பிரைட்டன், ஆற்றங்கரை நெல் விவசாயி செந்தூர்பாண்டியின் மகள் இந்துமதியைக் காதலித்து, பதிவுத் திருமணம் செய்து கூட்டிக்கொண்டு வந்தான். கொஞ்ச நாள் இருந்துவிட்டுக் கப்பலேறினான். இந்துமதி பாளையங்கோட்டையில் தாவரவியல் படித்தவள். ஒவ்வொரு செடிக்கும் அவள் லத்தீன் பெயர் சொல்லிக்கொண்டே வர, ஜெயசிங் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டிக்கொண்டே கூட நடப்பார். அந்த இரண்டு தலைகளையும் ரோஸ் அடுப்படி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளை யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

இன்று அவள் நேராகச் செம்பருத்திப் பாத்திக்குப் போனாள்.

எட்டு வருஷ உழைப்பு அது. ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் தடவி, அடையாளத்துக்கு நூல் கட்டி, காய் முற்றும்வரை அணிலிடமிருந்து காத்து, விதை போட்டு, முளைத்ததில் ஆகாததையெல்லாம் பிடுங்கி எறிந்து, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கி, கடைசியில் மிஞ்சிய ஒற்றைச் செடி. அந்த மாதிரி இன்னொரு செடி எங்கேயும் கிடையாது. மார்கழியில் முதல் பூ பூத்தது. அடுத்த மொட்டு இன்றைக்குத்தான்.

மலர்ந்திருந்தது. சிப்பியின் உட்பக்கத்தில் இருக்குமே ஒரு மினுமினுப்பு, அது அப்படியே இதழில் ஏறியிருந்தது. நடுவில் மட்டும் ரத்தச் சிவப்பு.

இன்றைக்குச் சென்னையிலிருந்து தோட்டக் கழகத்தார் வருகிறார்கள். தென்னாட்டுப் பழைய தோட்டங்களில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, அழியாமல் காப்பாற்ற உதவி செய்கிறவர்கள். அவர்களுக்குப் பிடித்துப் போனால் தோட்டத்துக்கென்று ஓர் அறக்கட்டளை அமைக்க வேண்டும். அதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். "யாருன்னு மத்தியானச் சாப்பாட்டுல சொல்லுதேன்" என்று ஜெயசிங் நேற்றே சொல்லிவிட்டார். கூடவே, "சுத்திக் காட்டுதத இந்து பாத்துக்கிடட்டும். அவங்க இங்கிலீஷ்ல கேப்பாங்க" என்றார்.

ரோஸுக்கும் இங்கிலீஷ் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் அதைத்தான் சொல்லிக் கொடுத்தாள். அந்த வீட்டில் அது எல்லோருக்கும் மறந்து போயிருந்தது.

பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அத்தனை பேரும் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். இந்துமதி கழுத்தைச் சாய்த்து அந்தச் சிரிப்புச் சிரிப்பாள். 'இதோட பேர் இந்து' என்பார் மாமனார். போட்டோ எடுப்பார்கள்.

கை தன்னால் போயிற்று என்று சொல்ல முடியாது. தெரிந்தேதான் பறித்தாள்.

காம்பைக் கிள்ளி, பூவை முந்தானைக்குள் மறைத்து, பின்படி ஏறித் தன் அறைக்குப் போனாள். ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் பூவைப் போட்டு, துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். தூக்கி எறியத்தான் நினைத்தாள். அதற்கு மனம் வரவில்லை.

* * *

தோட்டக்காரர் ஏசுவடியான் போட்ட சத்தம் போர்ட்டிகோவரைக்கும் கேட்டது.

"ஐயா! பூவக் காணும்யா!"

அப்போதுதான் கார் வந்து நின்றிருந்தது. கழகத்தின் தலைவி ஈவாஞ்சலின் இறங்கிக்கொண்டிருந்தார். கல்லூரிப் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நரைத்த தலை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, காலில் கான்வாஸ் ஷூ. கூட இரண்டு இளைஞர்கள், கேமராவோடு. வரவேற்க நின்ற ஜெயசிங்கின் முகம் ஒரே நொடியில் மாறிப் போனது. எழுபத்தெட்டு வயதிலும் கைத்தடி இல்லாமல் நடக்கிறவர், பாத்தியை நோக்கி ஓடினார் என்றே சொல்லலாம். எல்லோரும் பின்னால் போனார்கள்.

காம்பு நுனியில் பச்சை ஈரம் இன்னும் காயவில்லை.

"உதிரல. இது கிள்ளுனது" என்றார் ஜெயசிங். திரும்பி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். ரோஸ் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். அவர் பார்வை அவளைத் தொட்டு, நிற்காமல் தாண்டிப் போயிற்று. அவள்மேல் அவருக்குச் சந்தேகம் வர வழியே இல்லை.

பார்வை இந்துமதியிடம் போய் நின்றது.

அவள் அறையில் ஒரு திருச்செந்தூர் முருகன் படம் உண்டு. தினமும் காலையில் தோட்டத்திலிருந்து நாலு பூப் பறித்து அதற்கு வைப்பாள். பதிவுத் திருமணத்துக்குப் பிறகு சம்பந்தி வீட்டுக்குச் சமாதானம் பேசப் போனபோது, "ஒங்க மக சாமிய எறக்கச் சொல்லி எங்க வீட்டுல யாரும் கேக்க மாட்டோம்" என்று செந்தூர்பாண்டிக்கு ஜெயசிங்கே வாக்குக் கொடுத்திருந்தார்.

"நீயாம்மா பறிச்ச?"

இந்துமதி நிமிர்ந்து பார்த்தாள். மாமனாரை அல்ல, ரோஸை. அதிக நேரம் இல்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேக்கேம்லா? சொல்லு."

ஜெயசிங் அவளை நெருங்கி வந்தார்.

"இத்தன பெரிய தோட்டத்துல ஒஞ் சாமிக்கு வேற பூவே ஆப்பிடலியா?" பெரியவரின் குரல் நடுங்கியது. விருந்தாளிகள் நிற்பதை அவர் மறந்துவிட்டார். "படிச்ச பிள்ளன்னுல்லா நெனச்சேன்! ஒம் பேர வச்ச பூவுல்லா அது! இனிமே நீ இந்தத் தோட்டத்துல ஒரு பூவத் தொடக்கூடாது. அந்தப் படத்தையும் எறக்கி வை. போ உள்ள."

டிக்சன், "அப்பா, வெளியாளுவ இருக்காவ" என்று தோளைத் தொட்டான். அவர் கையைத் தட்டிவிட்டார்.

"சரி மாமா" என்றாள் இந்துமதி. அவ்வளவுதான். புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, மணற்பாதையில் மெதுவாக வீட்டைப் பார்த்து நடந்தாள்.

ரோஸுக்கு அந்த நேரத்தில் வருத்தம் வந்ததென்று சொன்னால் பொய். ஆறு மாதமாக உள்ளே குறுகிக் கிடந்த ஏதோ ஒன்று, காலை நீட்டிப் படுத்தது.

"ரோஸ்" என்றார் ஜெயசிங், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "நீ இவங்களுக்குச் சுத்திக் காட்டும்மா."

காட்டினாள். எப்படிக் காட்டினாள்! நாலு பேர் கைகோத்தாலும் பிடிபடாத பெருக்கமரத்தின் அடியில் நிறுத்தி, அது ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கன்றாகக் கப்பலில் வந்த கதையைச் சொன்னாள். நாகலிங்க மரத்தடியில் உதிர்ந்து கிடந்த பூ ஒன்றை எடுத்து உள்ளே பிரித்துக் காட்டினாள். தாளிப்பனையைக் காட்டி, இது வாழ்நாளில் ஒரே தடவைதான் பூக்கும், பூத்ததும் பட்டுப்போகும், அதனால் என்றைக்குப் பூக்குமோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம் என்றாள். ஒவ்வொரு மரத்துக்கும் ஆள் உயரக் குழி வெட்டி, உப்பு மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு, தாமிரபரணிப் பக்கமிருந்து மாட்டு வண்டியில் வண்டல் கொண்டு வந்து நிரப்பியதைச் சொன்னபோது, ஈவாஞ்சலின் நின்றேவிட்டார்.

"அப்போ இந்தத் தோட்டமே ஆத்து மண்ணுல நிக்குதுன்னு சொல்லுங்க."

"ஆமாம்மா. இப்பவும் வருஷா வருஷம் வண்டல் அடிக்கோம்."

இந்த வருஷத்து வண்டலை லாரியில் அனுப்பி வைத்தது இந்துமதியின் அப்பா. அதை மட்டும் ரோஸ் சொல்லவில்லை.

"அந்தச் செம்பருத்தியை உருவாக்கினது யாரு சார்?" என்று ஈவாஞ்சலின் கேட்டார்.

"எல்லாம் இவதான்" என்றார் ஜெயசிங். "ரோஸ் கை பட்டாக் காஞ்ச கம்பும் துளிர்க்கும்."

எத்தனை நாளாக இந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தாள்! போன ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்கலாமே, மாமா? அன்றைக்குச் சொல்லியிருந்தால் இன்றைக்கு இதெல்லாம் நடந்திருக்காதே என்று நினைத்தபடி ரோஸ் தலையைக் குனிந்துகொண்டாள். விருந்தாளிகள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

* * *

லெந்து என்கிற தவக்கால நாள் என்பதால் வீட்டில் கறி கிடையாது. சீலா மீன் குழம்பும், முருங்கைக்காய்ப் பொரியலும், பருப்பும் ரசமுமாகப் பெரிய மேஜையில் சாப்பாடு. ஜெயசிங் எழுந்து ஜெபம் செய்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ரோஸுக்கு உதடு மட்டும் அசைந்தது.

"எங்களுக்கு ரொம்பத் திருப்தி சார்" என்றார் ஈவாஞ்சலின். "மேலே ஆக வேண்டியதைப் பார்ப்போம். பொறுப்பு யாருன்னு நீங்க சொல்லணும்."

"ரோஸ்தான்" என்றார் ஜெயசிங், யோசிக்காமல். "இன்னைக்குக் காலைலகூட மனசு ரெண்டுபட்டுத்தான் இருந்துச்சு. இப்ப இல்ல."

டிக்சன் மேஜைக்கடியில் மனைவியின் கையைப் பிடித்து அழுத்தினான். கேமராக்காரப் பையன்களில் ஒருவன், "நல்லவேளை, சாமிக்கு வைக்க மொத்தத் தோட்டத்தையும் பறிக்காம விட்டாங்களே" என்றான் வேடிக்கையாக. ஒருவர் இருவர் சிரித்தார்கள். இந்துமதியின் நாற்காலி காலியாகக் கிடந்தது.

"ரோஸ், அவளுக்குச் சோறு கொண்டு போய்க் குடு" என்றார் ஜெயசிங், தட்டைப் பார்த்தபடி. "பட்டினி கெடக்க வேண்டாம்."

தட்டோடு ரோஸ் மாடியேறினாள். இந்துமதியின் அறைக் கதவு திறந்தே இருந்தது. கட்டிலில் சூட்கேஸ் விரித்துக் கிடந்தது. அவள் ஒரு ஸ்டூலின்மேல் ஏறி நின்று, சுவரிலிருந்து முருகன் படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். படத்தில் செருகியிருந்த நாலு அரளிப் பூக்கள் தரையில் விழுந்தன. வாசல் கேட்டோரம் நிற்கும் சாதாரணச் சிவப்பு அரளி. செம்பருத்திப் பாத்திப் பக்கம் அவள் பூப்பறிக்கப் போனதே இல்லை என்பது அப்போதுதான் ரோஸுக்கு உறைத்தது.

"தட்ட அங்கன வச்சிருங்க அக்கா."

"எங்க போற?"

"ஊருக்கு. அப்பாக்கு போன் போட்டுட்டேன். சாயந்திரம் வாராவ."

"மாமா ஏதோ கோவத்துல பேசிட்டாவ. அதுக்குப் போயி..."

இந்துமதி ஸ்டூலிலிருந்து இறங்கினாள். படத்தைத் துண்டால் துடைத்து, ஒரு பருத்திச் சேலையில் சுற்றினாள். சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"நீங்க பறிச்சத நான் பாத்தேன்."

ரோஸ் கையிலிருந்த தட்டை மேஜையில் வைத்தாள்.

"ஜன்னல்கிட்டதான் நின்னேன். நீங்க முந்தானைக்குள்ள வைக்கியதக்கூடப் பாத்தேன்."

"பொறவு ஏன் சொல்லல?"

"சொன்னா யாரு நம்புவா? வந்து ஆறு மாசம் ஆன நான் சொல்லணும், இந்த வீட்டுப் பெரிய மருமக திருடிட்டாங்கன்னு. அத்தனபேரும் என்னத்தான் காறித் துப்புவாவ." அவள் குரல் உயரவில்லை. "ஒங்க செடிய நான் கேட்டேனா அக்கா? எம் பேர வைங்கன்னு மாமாகிட்ட நான் போய் நின்னேனா? அவுக வச்சாவ. அதுக்கு எஞ்சாமி எறங்கணுமா?"

"இந்து..."

"என்னக் கும்பிடச் சொல்லல, கெஞ்சச் சொல்லல. நீங்களே போய் எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. சொன்னா இருக்கேன். இல்லன்னா போறேன். போனா, ஒங்க கொழுந்தன் கப்பல் விட்டு வந்து கூப்பிட்டாலும் நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

ரோஸ் தன் அறைக்கு வந்தாள். அலமாரியைத் திறந்தாள். இருட்டிலும் பூ அப்படியே விரிந்து நின்றது. பக்கத்தில் அவளுடைய பட்டுப் புடவைகள். என்ன அழகு என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் பயம் வந்தது.

டிக்சன் உள்ளே வந்ததும் சட்டென்று கதவைச் சாத்தினாள். அவன் கவனிக்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"நெனச்சதச் சாதிச்சிட்டியே! இனிமே நீதான் தோட்டத்துக்கு எல்லாம்."

"இந்து ஊருக்குப் போறாளாம்."

"போட்டும். பிரைட்டன் வந்து சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வருவான்." குரலைத் தாழ்த்தினான். "வரலன்னாலும் ஒனக்கு நல்லதுதான?"

தன் மனசுக்குள் கிடந்ததை இன்னொருத்தர் வாயால் கேட்டபோது ரோஸுக்கு உடம்பு கூசியது. ஆமாம், அவள் போனால் நல்லதுதான். சாயந்திரம்வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கார் வரும், சூட்கேஸ் ஏறும், நாளைக் காலையில் மாமனாரோடு பழையபடி தோட்டத்தில் இறங்கலாம். அதற்காகத்தானே எல்லாம்?

ஆனால் கண்ணை மூடினால் ஸ்டூல்மேல் நின்று படம் கழற்றுகிறவள் தெரிந்தாள். சாத்தான்குளத்திலிருந்து வரும்போது அம்மா கொடுத்தனுப்பிய பைபிள் வசனப் பலகை இன்றும் இந்த அறைச் சுவரில் தொங்குகிறது. அதை யாராவது எடு என்று சொல்லியிருந்தால்? பூவைப் பறித்தபோது ஒருத்தியின் சிரிப்பை நிறுத்தத்தான் நினைத்தாள். சாமியை இறக்க நினைக்கவில்லை. மாமனார் கொடுத்த வாக்கு தன்னால் உடைந்து போயிற்று என்பதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் சரிசெய்ய முடியவில்லை.

"எங்க போற? இப்பத்தான வந்த?" என்றான் டிக்சன்.

அவள் ஏற்கெனவே படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

* * *

முன் வராந்தாவில் காபி ஓடிக்கொண்டிருந்தது. ஈவாஞ்சலின் கிளம்பத் தயாராகப் பையைத் தோளில் மாட்டியிருந்தார். துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஒலி எழுப்பியது. அது அடங்கும்வரை நின்றுவிட்டு, ரோஸ் சொன்னாள்.

"மாமா, அந்தப் பூவ நான்தான் பறிச்சேன்."

ஜெயசிங்குக்குப் புரியவில்லை. "எந்தப் பூவ?"

"இந்துன்னு பேர் வச்ச பூவ. காலைல பறிச்சி என் அலமாரியில வச்சிருக்கேன். இந்து தொடல. அவ அதுகிட்டப் போனதே இல்ல."

"நீயா? எதுக்கும்மா?"

வீட்டில் ஆயிரம் காரணம் சொல்லலாம். விருந்தாளிகள் முன்னால் ஒன்றுகூட வரவில்லை. "வயித்தெரிச்சல்" என்றாள் ரோஸ். "வேறென்ன?"

யாரும் காபியைத் தொடவில்லை. கேமராக்காரப் பையன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டான். பின்னாலேயே வந்த டிக்சன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். திட்டு விழும் என்று ரோஸ் காத்திருந்தாள். காலையில் இந்துமதிக்கு விழுந்ததில் பாதியாவது. ஜெயசிங் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளை அவர் பார்க்கவே இல்லை. நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, மாடிப்படியடிக்குப் போய் நின்று கூப்பிட்டார்.

"இந்து! ஏளா இந்து! கொஞ்சம் கீழ வாம்மா."

இந்துமதி வந்தாள். கையில் சேலை சுற்றிய படம். கடைசிப் படியில் நின்ற அவளுக்கு முன்னால் அந்தப் பெரிய மனிதர் இரண்டு கைகளையும் கூப்பினார்.

"என்ன மன்னிச்சிரும்மா. விசாரிக்காமப் பேசிட்டேன். ஒங்கப்பாவுக்குக் குடுத்த வாக்கையும் மறந்துட்டேன். படத்தக் கொண்டு போய் இருந்த எடத்துலயே மாட்டு."

குரல் உடைந்து கண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

ரோஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் கைகூப்பி அவள் பார்த்ததில்லை. தன்னிடம் எத்தனையோ தடவை கோபப்பட்டிருக்கிறார், அநியாயமாகவும் கோபப்பட்டிருக்கிறார்; அடுத்த நாள் ஒன்றுமே நடக்காதது போல வந்து நிற்பாரே தவிர, மன்னிப்பு என்ற வார்த்தை வந்ததில்லை. உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்றல்லவா நினைத்தாள்? இறங்கவில்லை. காலையில் பூவின் முன்னால் நின்றபோது எரிந்த அதே எரிச்சல், அதே இடத்தில், திரும்பவும் பற்றிக்கொண்டது.

"மன்னிப்பெல்லாம் வேண்டாம் மாமா" என்றாள் இந்துமதி. "வயசுல பெரியவுக, நீங்க கையெடுக்கக் கூடாது. ஆனா ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"தோட்டத்துப் பொறுப்ப எனக்குத் தாங்க."

டிக்சன், "இது என்ன பேச்சு?" என்று முன்னால் வந்தான். ஜெயசிங் கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

"ஆறு மாசமா இந்த வீட்டுல நான் விருந்தாளியாத்தான் இருக்கேன்" என்றாள் அவள். "காலைல எங்கூட நடப்பிய. ஆனா வாயத் தொறந்தா 'ரோஸ் இப்படி வச்சா, ரோஸ் அப்படி வளத்தா'ன்னுதான் பேசுவிய. எங்கிட்டக் குடுத்தது ஒரு பேர மட்டும். அக்கா அதையும் பறிச்சிட்டாங்க. ஒங்களுக்கு மனசு இருந்தா தோட்டத்த எங்கிட்டக் குடுங்க. அக்காவும் இருக்கட்டும். நான் சொல்லுத வேலயப் பாக்கட்டும்."

காலை நடையில் தன் பெயர் அடிபட்டது ரோஸுக்கு இன்றுவரை தெரியாது. அடுப்படி ஜன்னலில் நின்று எரிந்துகொண்டிருந்த நாட்களில் எல்லாம், அங்கே அந்தப் பெண்ணும் இவள் பெயரைக் கேட்டு எரிந்துகொண்டுதான் நடந்திருக்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஜெயசிங் பெரிய மருமகளைத் திரும்பிப் பார்த்தார். பூவைப் பற்றிச் சொன்ன பிறகு இப்போதுதான் பார்க்கிறார். நீ வேண்டாம் என்று சொல், நான் மறுத்துவிடுகிறேன் என்று கெஞ்சுவது போல இருந்தது அந்தப் பார்வை. அதுவே ரோஸுக்குப் போதுமாக இருந்தது.

"சரி" என்றாள். "காலைல எத்தன மணிக்கு வரணும்?"

இந்துமதி இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு வந்தவள், எதிராளி உட்கார்ந்துவிட்டால் நிற்பது போல நின்றாள்.

"ஆறு மணிக்கு வாங்க" என்றாள். "வரும்போது அருவாள எடுத்துட்டு வாங்க."

"அருவாளா? எதுக்கு?"

"எம் பேர வச்ச அந்தச் செடிய வெட்டணும். அடியோட. நீங்களே வெட்டணும்."

எட்டு வருஷம் கண்ணுக்குள் வந்து போயிற்று. உலகத்தில் அது ஒன்றுதான் என்று இந்துமதிக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் கேட்கிறாள். வேண்டாம் என்று மாமனார் ஒரு வார்த்தை சொல்லுவார் என்று ரோஸ் அவர் பக்கம் திரும்பினாள்.

ஜெயசிங் இரண்டு மருமகள்களையும் பார்க்காமல், தோட்டத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.